ரம் வாசனை உடலில் எப்படி மாறுகிறது? நீண்ட நாள் அனுபவம்

பாரிஸ் ஆடை நிறுவனமான மெய்சோன் மார்ஜீலாவின் ‘ரெப்ளிகா’ சென்ட் வரிசையில் 2013-இல் வெளிவந்த ‘ஜாஸ் கிளப்’ சென்ட்டைச் சில ஆண்டுகளாகப் பூசி வருகிறேன். உருவாக்கியவர் அலியெனோர் மாசெனே. ரம், புகையிலை இலை, வெனிலா, ஜாவா வெட்டிவேர் ஆகியவை இதில் முக்கியமான வாசங்கள்.

இதைப் பூசிக்கொண்டு அலுவலகம் போனால் குடித்துவிட்டு வந்ததாக நினைப்பார்களோ என்று பலரும் தயங்குகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். எந்த சென்ட்டிலும் முதலில் மூக்கில் ஏறும் சாராய நெடி, அதைக் கரைத்திருக்கும் ஆல்கஹாலுடையது; கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். ரம் வாசம் என்பது வேறு. காய்ச்சிய கரும்புப் பாகு, உலர்திராட்சை, ஓக் பீப்பாயின் மரம் எல்லாம் கலந்த கனமான இனிப்பு அது.

என் உடலில் அந்த ரம் ஒரு மணி நேரம்கூடத் தனித்து நிற்பதில்லை. பிறகு புகையிலை மேலெழும்பும். மாலையில் வெனிலாதான் மிஞ்சும். சட்டையில் அடித்தால் மறுநாளும் மணக்கிறது. ஆனால் ரம்முக்காக வாங்குபவர்கள் தோலில்தான் பூச வேண்டும். உடற்சூட்டில்தான் அது மலர்கிறது. சென்னையின் சித்திரை வெயிலில் இந்த இனிப்பு திகட்டும், ஒரு அழுத்தே அதிகம். ஐப்பசி மழையிலும் மார்கழிக் காலையிலும் இதற்கு ஈடாக என்னிடம் வேறொன்று இல்லை.

இதைப் பழகிய பிறகுதான் மரிக்கொழுந்தின் அருமை எனக்குப் புரிந்தது. கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறோமே, அதே செடிதான். அதன் எண்ணெயை வெளிநாட்டு வாசனைக் கலைஞர்கள் ‘தவனா’ என்று அழைத்து, ரம்மும் உலர்பழமும் போன்ற மணத்தை உண்டாக்கச் சேர்க்கிறார்கள். அது பெருமளவில் விளைவது கர்நாடகத்திலும் அதையொட்டிய தென்னிந்தியப் பகுதிகளிலும்தான். பச்சைக் கொழுந்தில் தெரியாத அந்தப் பழச் சாயல், வடித்த எண்ணெயில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு சொட்டைக் கைக்குட்டையில் விட்டு, மணிக்கட்டில் ஜாஸ் கிளப் பூசிக்கொண்டால், அடங்கிப்போகும் ரம் இன்னும் நெடுநேரம் கூடவே வருகிறது. நம் ஊர்க் கடைகளில் அத்தர் விற்பவர்கள் ஏன் மரிக்கொழுந்தை இந்தத் திசையில் கொண்டுபோகவில்லை என்பது எனக்கு உண்மையான ஆதங்கம்.

வாங்க நினைப்பவர்கள் கடையில் தரும் காகிதப் பட்டையை முகர்ந்து முடிவெடுக்க வேண்டாம். கையில் பூசிக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் சற்று நடந்துவிட்டு, மாலையில் மீண்டும் முகர்ந்து பாருங்கள். அப்போது மிஞ்சியிருக்கும் வெனிலா உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், தொடக்கத்து ரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.