ஐபாட் வீடியோவா, சோனி ஏ306ஆ, கையிலிருக்கும் போனே போதுமா?

பீரோவில் இருந்த சிடிக்களை எல்லாம் கணினியில் ஏற்றி முடித்ததும் வருகிற கேள்வி இது: மொத்தத்தையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக எதை வாங்குவது? முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் ஒரு சிடி சுமாராக 300 முதல் 400 எம்பி பிடிக்கும். ஆயிரம் சிடி என்றால் 350 ஜிபி சொச்சம். 512 ஜிபி கார்டு ஒன்றில் எல்லாம் அடங்கி மீதியும் இருக்கும். ஆக, இடம் இன்றைக்கு ஒரு பொருட்டே இல்லை. வாங்கி நான்கு வருடம் ஆனபின் பேட்டரியை யார் மாற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஓட்டு ஆப்பிளின் பழைய பாட்டுக் கருவியான, 2006இல் வந்த ஐபாட் வீடியோவுக்கு. ‘ஐந்தரைத் தலைமுறை’ என்று பிரியர்கள் அழைப்பது அதைத்தான். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, எஸ்டி கார்டு பொருத்தியது. எல்லாருக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

போனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தலையணி (ஹெட்ஃபோன்) குழியும் மெமரி கார்டு குழியும் இல்லாத போன்கள்தான் இன்று அதிகம். தலையணியை யுஎஸ்பி-சி குழியில் இணைக்கும் டாங்கிள் ஒன்றை வாங்கிச் செருக வேண்டும். ஆப்பிளின் சின்ன டாங்கிள் மலிவு, ஒலியும் சுத்தம். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதைச் செருகினால் சத்தம் போதுமான அளவுக்கு ஏறாது. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஆண்ட்ராய்டு பெரும்பாலும் 48க்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். காதில் அது தெரியும் என்று நான் வாதாட மாட்டேன். ஆலாபனை நடுவில் கொரியர்காரர் அழைப்பது மட்டும் நிச்சயம் தெரியும்.

சோனி என்டபிள்யூ-ஏ306 பாட்டு கேட்பதற்கென்றே செய்த நல்ல கருவி. 2023இல் வந்தது, ஆண்ட்ராய்டு 12, 3.6 அங்குலத் தொடுதிரை, உள்ளே 32 ஜிபி, கூடவே மைக்ரோ எஸ்டி குழி. பக்கவாட்டில் நிஜப் பொத்தான்கள் இருப்பதால் பையிலிருந்து எடுக்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போகலாம். சிடி தர ஃப்ளாக்கை அதன் சொந்தச் செயலியில் கேட்டால் 36 மணி நேரம் ஓடும் என்கிறது சோனி. ப்ளூடூத் உண்டு, வைஃபை உண்டு, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியும். கார்டைக் கழற்றிக் கணினியின் கார்டு ரீடரில் போட்டு நேரடியாகப் பாட்டு ஏற்றலாம். வேகமான ரீடரும் கார்டும் இருந்தால் 350 ஜிபி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐபாடில் யுஎஸ்பி 2.0 வழியாக வினாடிக்கு 15 எம்பி என்றே வைத்துக்கொண்டாலும் ஆறரை மணி நேரம். ஒரு ராத்திரி போய்விடும்.

குறையும் உண்டு. பெரிய கார்டைப் போட்டதும் ஆண்ட்ராய்டு எல்லாக் கோப்புகளையும் துழாவிப் பட்டியல் போடும். அதுவரை சூடாகி, பேட்டரியையும் தின்னும். தலையணியைத் தள்ளும் வலு குறைவு. காதுக்குள் செருகும் வகைக்குத் தாராளம்; 300 ஓம் மின்தடையுள்ள பெரிய தலையணிக்குப் போதாது. ஆண்ட்ராய்டு 12 வருடா வருடம் பழசாகிக்கொண்டே போகும், ஒரு நாள் இணையப் பாட்டுச் செயலிகள் அதைக் கைவிடும். வீட்டுத் தொகுப்பை மட்டும் கேட்பவருக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் அவர் தேவையில்லாத வைஃபைக்கும் திரைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறார்.

இனி பேட்டரி. லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் கொள்ளளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் அதற்கு முன்பே. சோனியின் பேட்டரி நாமே கழற்றி மாற்றும்படி வடிவமைக்கப்பட்டதல்ல. சர்வீஸ் சென்டரை நம்ப வேண்டும், அந்த மாடலுக்கு உதிரி வருகிறவரை மட்டும். 2023 கருவிக்கு அந்தச் சோதனைக் காலம் இன்னும் முழுதாக வரவில்லை என்பதால் இதில் அடித்துப் பேச மாட்டேன். இருபது வயதான ஐபாடுக்குப் புது பேட்டரி இன்றும் விற்கிறது என்பதை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐபாடில் எதை எடுப்பது? ‘கிளாசிக்’ என்ற பெயரில் 2007 முதல் 2014 வரை வந்தவை பார்க்க அழகு, திறக்க நரகம். முன்பக்கமும் உலோகம், பின்பக்கமும் உலோகம், நடுவில் இறுக்கமான கிளிப்புகள். நெம்பும்போது பின்தகடு வளைந்துவிட்டால் மறுபடி ஒழுங்காக மூடாது. 2007 கிளாசிக்கின் சொந்த மென்பொருளுக்கு 128 ஜிபிக்கு மேலான கார்டும் ஆகாது. ஐபாட் வீடியோவின் முன்முகம் பிளாஸ்டிக் என்பதால் கிடார் மீட்டும் வில்லை போன்ற மெல்லிய பிளாஸ்டிக் பிக் ஒன்றே போதும். 2005இல் வந்ததா, 2006இல் வந்ததா என்று அறிய இசைப் பட்டியலில் ‘சர்ச்’ இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் 2006. 30 ஜிபி மாடலில் 32 எம்பி ராம், 80 ஜிபி மாடலில் 64 எம்பி. பெரிய தொகுப்புக்கு 80தான் சரி. அதன் பின்தகடும் தடிமன் என்பதால் உள்ளே அதிக இடம்.

திறக்கும் முறை. முதலில் ஹோல்டு பொத்தானைப் பூட்டுங்கள். பிக்கைப் பக்கவாட்டு இடுக்கில் நுழைத்து மெல்ல நகர்த்தினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். உடனே இரண்டு பாதிகளையும் புத்தகம் போல விரித்துவிடாதீர்கள். பின்தகட்டில் ஒட்டியிருக்கும் பேட்டரியிலிருந்து மெல்லிய ரிப்பன் ஒன்று போர்டுக்குப் போகும். அதைப் பிடித்திருக்கும் பழுப்புத் தாழ்ப்பாளை இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் ரிப்பன் தானாக வந்துவிடும். பலமாக இழுத்தால் கனெக்டரே போர்டிலிருந்து பெயர்ந்து வரும். இந்த வேலையில் ஐபாடுகள் சாகும் முக்கிய இடம் இதுதான். அடுத்து தலையணிக் குழியின் ரிப்பன், கடைசியாக ஹார்ட் டிஸ்க்கின் அகல ரிப்பன். அதன் தாழ்ப்பாள் கதவு போல நிமிரும்.

டிஸ்க் இருந்த இடத்தில் ஐஃப்ளாஷ் சோலோ போன்ற அடாப்டர் உட்காரும், அதில் முழு அளவு எஸ்டி கார்டு. கார்டை உள்ளே வைக்கும் முன் போலியா என்று சோதித்தே ஆக வேண்டும். 512 என்று எழுதி 64 மட்டும் கொள்ளும் கார்டுகள் சந்தையில் தாராளம். அவை முதல் 64 ஜிபி வரை ஒழுங்காக நடித்துவிட்டுப் பிறகு பாட்டை விழுங்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்துச் சொல்லிவிடும். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

டிஸ்க் போனதால் கிடைக்கும் காலி இடத்தில் பெரிய பேட்டரி வைக்கலாம். மெல்லிய பின்தகட்டுக்கு 2000 எம்ஏஎச், தடித்ததற்கு 3000 எம்ஏஎச் வரை விற்கிறார்கள். ஆப்பிள் கொடுத்த கணக்கு 30 ஜிபிக்கு 14 மணி, 80 ஜிபிக்கு 20 மணி. சுழலும் டிஸ்க்கும் போய்ப் பேட்டரியும் பெரிதானால் அதைப் பல மடங்கு தாண்டும். சார்ஜ் ஆகும் நேரமும் கூடும்: யுஎஸ்பியில் அது இழுப்பது அரை ஆம்பியர், ஆகவே 3000 நிரம்பக் குறைந்தது ஆறு மணி நேரம், நடைமுறையில் ஏழெட்டு. ‘சார்ஜே ஏறவில்லை’ என்று இரண்டு மணி நேரத்தில் பதறுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. திரையில் கரும் திட்டு தோன்றினாலோ பின்தகடு இடுக்கு விட்டாலோ பேட்டரி உப்புகிறது என்று பொருள். அன்றே கழற்றிவிடுங்கள்; மாற்று வேலை, பழகியவருக்கு இருபது நிமிடம்.

மூடிய பிறகு ரீஸ்டோர் செய்ய வேண்டும், அதாவது ஆப்பிளின் மென்பொருளைப் புது கார்டில் மறுபடி ஏற்ற வேண்டும். விண்டோஸ் கணினியில் செய்யுங்கள். மேக்கில் செய்தால் கார்டு ஆப்பிளின் வடிவத்தில் ஃபார்மேட் ஆகும், பிறகு ராக்பாக்ஸ் என்ற இலவச மாற்று மென்பொருள் ஏறாது. அதற்கு எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட் வேண்டும். ராக்பாக்ஸ் எதற்கு என்றால், ஆப்பிளின் மென்பொருளுக்கு ஃப்ளாக் தெரியாது, ஐட்யூன்ஸ் போன்ற மென்பொருள் இல்லாமல் பாட்டும் ஏறாது. ராக்பாக்ஸ் போட்டால் கோப்புறைகளை இழுத்துப் போட்டால் போதும். பாட்டுகளின் சத்த அளவைச் சமன் செய்யும் ரீப்ளேகெயின் குறிப்பைப் படிக்கும் என்பது இன்னொரு வசதி: அறுபதுகளின் மோனோ பாட்டுக்குப் பின் இன்றைய பாட்டு வந்து காதில் அறைவது நிற்கும்.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இன்னொன்று. ராகம் தானம் பல்லவியை சிடியில் மூன்று டிராக்காக வெட்டியிருப்பார்கள், ஆனால் தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும். எம்பி3ஆக மாற்றும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். வெட்டு வரும் இடத்தில் சுருதி ஒரு கணம் அறுபடும். ஃப்ளாக்கில் இந்த ஒட்டு கிடையாது. ஏற்கெனவே எம்பி3யாக இருப்பவை லேம் என்ற மென்பொருள் கொண்டு மாற்றியவை என்றால், கோப்பில் அது குறித்துவைத்த அளவைப் படித்து ராக்பாக்ஸ் அந்த மௌனத்தைக் கழித்துவிடும்.

இப்போது ஐபாடின் பெரிய ஓட்டை: தமிழ். ராக்பாக்ஸ் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்காது. யூனிஃபான்ட் எழுத்துருவைப் போட்டாலும் ‘கெ’ என்பதில் ககரம் முன்னாலும் கொம்பு பின்னாலும் நிற்கும். வேறு எழுத்துருவில் வெறும் கட்டங்கள் வரலாம். ஆகவே டேக்குகளை (கோப்பில் இருக்கும் பாட்டின் பெயர், பாடியவர் போன்ற குறிப்புகளை) ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டிவரும், அதில் ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைப்பிடிக்கவும் வேண்டும். ‘தோடி’யை ஒரு சிடியில் எச் போட்டும் இன்னொன்றில் போடாமலும் எழுதியிருந்தால் ஒரே ராகம் பட்டியலில் இரண்டு இடத்தில் நிற்கும். தமிழ் டேக்தான் வேண்டும் என்பவர் யோசிக்காமல் சோனியை எடுக்கலாம். ப்ளூடூத் இல்லாமல் முடியாது என்பவரும் அப்படியே.

எந்தக் கருவியானாலும் சினிமாப் பாட்டுக்கு ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ டேக்கில் இசையமைப்பாளரைப் போட்டுவிடுங்கள். அது காலியாக இருந்தால் ஆறு பாடகர்கள் பாடிய ஒரே படம் ஆறு ஆல்பமாகச் சிதறும் ஆபத்து உண்டு. எம்பி3டேக் மென்பொருளில் மொத்தப் படத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் எழுதலாம்.

ஒலியைப் பற்றி அதிகம் எழுதவில்லை, காரணம் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஐபாட் வீடியோவின் உல்ஃப்சன் சிப்புக்கு ரசிகர் கூட்டமே உண்டு. மின்தடை குறைந்த 16 ஓம் இயர்போனில் அதன் கீழ்ஸ்தாயி சற்று மெலியும். வீட்டு ஆம்ப்ளிஃபையரில் கேட்க, அடியில் உள்ள 30 முள் குழியின் லைன் அவுட்டைப் பயன்படுத்துங்கள். அது தலையணி ஆம்ப்பைத் தொடாமல் வருகிறது.

பழைய ஐபாடுக்குக் காசு கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் சோதிக்கலாம். தலையணி முள்ளைக் குழியில் சுழற்றுங்கள். ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால் குழி தேய்ந்திருக்கிறது. குழியும் ஹோல்டு பொத்தானும் ஒரே பாகம், தனியாக விற்கிறது, அதனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். டிஸ்க் டிக்டிக்கென்று அடித்தால் இன்னும் நல்லது. எப்படியும் கழற்றப்போகிறோம், அதற்கும் குறைத்துக் கேளுங்கள். ஆனால் கணினியில் செருகியும் எந்த அசைவும் இல்லை என்றால் போர்டில் கோளாறு இருக்கலாம், அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.