மழை நாளில் காவலூரா, கோளரங்கமா, பிப்ரவரி வரை பொறுப்பதா?

வேலூர்க்காரர்கள் காவலூர் வான் ஆய்வகத்துக்குப் போகத் திட்டம் போடுவதே பெரும்பாலும் தப்பான மாதத்தில்தான். காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி என்று பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பது செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில். ஜவ்வாது மலைமேல் மேகம் வந்து உட்காருவதும் அதே மாதங்களில்தான். சனிக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்தால் தூறல். வீட்டில் பாதிப் பேர் போகலாம் என்பார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள்.

அப்போது கையில் இருக்கும் வழிகள் நான்கு: மழையோடு மழையாகக் காவலூருக்கே போவது, ரயிலேறிச் சென்னை பிர்லா கோளரங்கத்துக்குப் போவது, சத்துவாச்சாரி அறிவியல் மையத்தோடு உள்ளூரிலேயே முடித்துக்கொள்வது, பேசாமல் வானம் தெளியும் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுவது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்க வேண்டியது வானமா, தொலைநோக்கியா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி, பெய்வது எந்த மழை என்பதைப் பொறுத்தது.

எந்த மழை?

ஆடி, ஆவணி, புரட்டாசியில் நம் பக்கம் பெய்வது பெரும்பாலும் மாலை மழை. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு மேல் கருத்துக்கொண்டு வரும், இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். சில நாள் இரவு பத்து மணிக்குமேல் மேகம் கலைந்து வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். தூசி அடங்கிவிடுவதால் அப்போது தெரியும் நட்சத்திரங்கள் கோடை இரவில்கூட அவ்வளவு பளிச்சென்று தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை வேறு ரகம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகிவிட்டால் இரண்டு மூன்று நாளைக்கு மூடிய வானம் மூடியபடியே இருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வாட்ஸ்அப் வதந்தியை நம்ப வேண்டியதில்லை. வானிலை ஆய்வுத் துறை தன் வலைத்தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படங்களை அரைமணிக்கு ஒன்றாகப் போடுகிறது. அகச்சிவப்புப் படத்தில் பளீரென்று வெள்ளையாகத் தெரிவது உயரத்தில் இருக்கும் குளிர்ந்த மேகம், சாம்பலாகத் தெரிவது தாழ்ந்த மேகம். கடைசி நாலைந்து படங்களை வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். கடலில் இருந்து கிருஷ்ணகிரி வரை ஒரே வெள்ளையாக இருந்தால் அன்று இரவு வானம் பார்க்கும் நினைப்பை விட்டுவிடலாம். திட்டுத் திட்டாக நகர்ந்துகொண்டிருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

காவலூர்: மழையிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது

ஆலங்காயத்தைத் தாண்டி, கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வைணு பாப்பு வான் ஆய்வகம். பெங்களூருவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிலையம்தான் இதை நடத்துகிறது. வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது வந்த ஆய்வகம் இது. 1989-ல் மாவட்டம் பிரிந்து, 2019-ல் மறுபடி பிரிந்து, இப்போது திருப்பத்தூர் மாவட்டக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வேலூர்க்காரர்களுக்கு மட்டும் அது இன்னும் "நம்ம காவலூர்"தான்.

மழை நாளில் அங்கே என்ன நடக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கூரை திறக்காது. மழை நின்ற பிறகும் உடனே திறக்க மாட்டார்கள். தொலைநோக்கிக் கண்ணாடியின் மேல் பூசியிருக்கும் அலுமினியப் படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். காற்றில் ஈரப்பதம் ஒரு அளவைத் தாண்டினால் அதன்மேல் பனி படியும், படலம் கெடும். ஆகவே, "தூறல் நின்னுடுச்சே, திறங்க சார்" என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுப் பயனில்லை. பொதுமக்களுக்கு இரவில் சிறிய தொலைநோக்கி வழியாக வானத்தைக் காட்டுவதும் மேகம் இல்லாவிட்டால்தான்.

சரி, அப்புறம் எதற்குப் போக வேண்டும்? பெரிய தொலைநோக்கியைப் பார்க்க. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்டது, 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தது. இதைக் கனவு கண்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார், அவர் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். 2016-ல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும் வரை இந்தியாவிலேயே பெரியது இதுதான். இருட்டில் விரிந்த மனிதக் கண்ணின் பாப்பா சுமார் 7 மில்லிமீட்டர் அகலம். அதோடு ஒப்பிட்டால் இந்தக் கண்ணாடி வாங்கும் ஒளி ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்.

உள்ளே போனதும் எல்லாரும் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்தைப் பாருங்கள். ஒரு முனையில் குதிரை லாட வடிவில் பெரிய இரும்பு வளையம், அதில் இருந்து நீளும் சட்டம் லேசாகத்தான் சாய்ந்திருக்கும். பூமி சுழலுவதை ஈடுகட்டி நட்சத்திரத்தைத் தொடர்ந்துபோக, அந்த அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்கு எவ்வளவு உயரத்தில் தெரியுமோ அவ்வளவுதான் சாய்வு. காவலூரின் அட்சரேகை பன்னிரண்டரை பாகை, அதனால் அச்சு கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. இதே அமைப்பை நைனிடாலில் வைத்தால் 29 பாகைக்கு நிமிர வேண்டும். "நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது" என்று புவியியல் பாடத்தில் படித்தது, இங்கே இரும்பாகவே கண்முன் நிற்கும்.

கூட வரும் பிள்ளைகளில் ஒன்று கட்டாயம் கேட்கும்: "மாமா, இதுல கண்ணை எங்க வைக்கணும்?" எங்கேயும் வைக்க முடியாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் குளிரூட்டிய கேமராவோ, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானியோ இருக்கும். வானியலாளர் அடுத்த அறையில் கணினித் திரைமுன் உட்கார்ந்திருப்பார். இதைத் தெரியாமல் தெளிந்த இரவில் போகிறவர்களுக்கு வரும் ஏமாற்றம், மழையில் போகிறவர்களுக்கு வருவதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

பழைய 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாருங்கள். கார்ல் சைஸ் நிறுவனத்தின் தயாரிப்பு, 1972-ல் வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, கோள் வந்து மறைப்பதற்கு முன்பே அந்த ஒளி விட்டுவிட்டு மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான், அந்த மங்கலைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988 பிப்ரவரியில் இங்கிருந்த 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் அகப்பட்ட சிறுகோள் ஒன்று இன்று ராமானுஜன் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மழை நாளில் கூட்டம் குறைவு. முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்காமல், காட்டுபவரிடம் நிதானமாக நாலு கேள்வி கேட்கலாம். பொதுமக்களுக்கான நாள் சனிக்கிழமை. நேரம் மாறுவதுண்டு, கிளம்புமுன் நிலையத்தின் வலைத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிர்லா கோளரங்கம்: மேகம் இல்லாத வானம்

கோட்டூர்புரத்தில், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் 1988-ல் திறந்தது. காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மாலை அதே வண்டியில் திரும்பிவிடலாம். அரங்கில் விளக்கு அணைந்து தலைக்கு மேல் நட்சத்திரங்கள் வந்ததும் சின்னப் பிள்ளைகள் வாய் பிளப்பதைக் காவலூரில் மழையன்று பார்க்க முடியாது. தமிழிலும் காட்சி உண்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இருக்கும் பிள்ளை என்றால் யோசிக்காமல் இதற்கே என் ஓட்டு.

ஆனால் இதில் இரண்டு சங்கடம். ஒன்று, பார்ப்பது வானத்தின் படம். காட்சி முடிந்து விளக்கு வந்ததும் அடுத்த கூட்டத்துக்கு இடம் விட வேண்டும், நின்று கேள்வி கேட்க நேரம் கிடைக்காது. இரண்டாவது, வேலூரை நனைக்கும் கார்த்திகை மழை கடலோரத்தில் இன்னும் பலமாகக் கொட்டும். காவலூர் வேண்டாம் என்று சென்னைக்குப் போய் முழங்கால் தண்ணீரில் ஆட்டோ தேடுவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம். மாலை மழைக் காலத்தில் சென்னை சரிப்படும், தாழ்வு மண்டல மழையில் சரிப்படாது.

சத்துவாச்சாரி

நாள் முழுக்க அடைமழை, பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள் என்றால் மாவட்ட அறிவியல் மையம் இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். காவலூருக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் டவுன் பஸ்ஸில் போய்வந்துவிடலாம். திறந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பதென்றால் எதுவரை?

வானம்தான் வேண்டும் என்பவர்களுக்கு மற்ற மூன்றுமே மாற்று ஆகாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதிலும் எந்தச் சனிக்கிழமை என்பதில் நிறையப் பேர் அமாவாசையைத் தேடுகிறார்கள். பால்வீதி பார்க்க அது சரி. சிறிய தொலைநோக்கியில் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் வளர்பிறை சப்தமியில் இருந்து தசமிக்குள் வரும் சனிக்கிழமைதான் தோது. பாதி நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டோரம் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும், குழிகள் தனித்தனியாகத் தெரியும். பௌர்ணமியன்று பார்த்தால் நிழலே இல்லாமல் நிலா வெறும் வெள்ளைத் தட்டு. திதி பார்க்க ஆப் எதுவும் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்.

பிப்ரவரி நடுவில் போகிறவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே, அடிவானத்தில் இருந்து 25 பாகை உயரத்தில் அகத்திய நட்சத்திரம் நிற்கும். வானத்திலேயே சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது எழுவதே இல்லை. தென்வானத்தையும் இப்படி எட்டிப் பார்க்க முடிவது காவலூருக்கு வாய்த்த பெரிய வசதி.

மழையில் போவதென்று முடிவானால்

வாணியம்பாடி வழியாகப் போனால் வேலூரில் இருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வரை சிக்கல் இல்லை. ஆலங்காயத்துக்கு அப்புறம் காட்டுச் சாலை, வளைவுகள், மழையில் ஒடிந்து விழுந்த கிளைகள், சில இடங்களில் கண்ணை மறைக்கும் மூடுபனி. ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஆலங்காயத்தில் ஜமுனாமரத்தூர் பக்கம் போகும் வண்டியைக் கேளுங்கள், திரும்பி வர வண்டி எப்போது என்பதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

சாப்பாட்டை ஆலங்காயத்திலேயே முடித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு போகலாம். ஆம்பூரில் இறங்கி பிரியாணியும் கத்தரிக்காயும் ஒரு பிடி பிடித்துவிட்டு மலையேறினால் பாதிப் பேர் குதிரை லாடத்தின் முன்னாலேயே தூங்கி வழிவார்கள், அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடையைவிட மழைக்கோட்டு மேல். மின்னல் வெட்டும்போது திறந்தவெளியிலும் மரத்தடியிலும் நிற்காதீர்கள். நாலரை மணிக்கு மேற்கே கருப்பு கட்டினால் இரவுக் காட்சிக்காகத் தங்க வேண்டாம், ஐந்து மணிக்குள் வண்டியை எடுத்துவிட்டால் இருட்டுவதற்குள் ஆலங்காயத்துக்கு இறங்கிவிடலாம்.