பழைய ஃபோக்ஸ்வேகன் வாங்கப் போகிறவர்களே, முதலில் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி பக்கம் பழைய ஃபோக்ஸ்வேகன் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கியது 2016 மாடல் போலோ, 1.5 டீசல், மேனுவல் கியர். 58 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டாக்டர் வீட்டு வண்டி, ஒரே ஓனர் என்று சொல்லி 4 லட்சத்து 60 ஆயிரத்துக்குத் தலையில் கட்டினார்கள். அது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. ஓடியது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். அதைவிட மோசமான ஒரு வேலையும் செய்திருக்கிறார்கள், அதைக் கீழே சொல்கிறேன். வழக்கு நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

பைபாஸ் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங் அது. கடைக்காரர் காரைப் பற்றிப் பேசியதைவிட ஜெர்மனியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். “அண்ணாச்சி, ஹிட்லர் காலத்துல டேங்க் செஞ்ச கம்பெனியாக்கும் இது. தகட்டைத் தட்டிப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கும். எஞ்சின் பூரா ஜெர்மனியில செஞ்சு கப்பல்ல வந்து எறங்குனது பாத்துக்கிடுங்க” என்றார். கதவைத் திறந்து ஒருமுறை சாத்திக் காட்டினார். போலோவின் கதவுச் சத்தம் நல்ல சத்தம்தான், அதில் பொய்யில்லை. நம்பர் டி.என். 69 என்று தூத்துக்குடியைக் காட்டுகிறதே, டாக்டர் கோயம்புத்தூர் என்றீர்களே என்று கேட்டதற்கு, டாக்டருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி, வண்டி நின்றதெல்லாம் கோயம்புத்தூர் குளிரில் என்று கண் இமைக்காமல் சொன்னார்.

இந்த ஜெர்மன் கதை எல்லாப் பழைய கார் கடையிலும் ஓடுகிறது என்பதால், அதில் எது நிஜம் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி 1937இல் நாஜி அரசு தொடங்கியது, வண்டியை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. வாரம் 5 மார்க் கொடுத்து ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வந்தால் அட்டை நிரம்பியதும் கார் என்று ஜனங்களிடம் பணம் வாங்கினார்கள். 3 லட்சம் பேருக்கு மேல் கட்டினார்கள், அந்தத் திட்டத்தில் ஒருவருக்குக்கூடக் கார் வரவில்லை. நம்மூர் தீபாவளிச் சீட்டு மோசடிக்கெல்லாம் இது தாத்தா. யுத்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் பிரதானமாக உருண்டு வந்தது டேங்க் இல்லை, குபல்வாகன் என்ற ராணுவ ஜீப் மாதிரி வண்டி, அதையும் கட்டாய உழைப்புக்குப் பிடித்து வரப்பட்டவர்களை வைத்துத்தான் செய்தார்கள். யுத்தம் முடிந்தபின் இடிந்து கிடந்த வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையை மறுபடி ஓட வைத்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர். போர்ஷே வடிவமைத்த அந்த வண்டி, பீட்டில், அங்கிருந்துதான் கிளம்பியது. 1972இல் ஃபோர்டு மாடல் டி-யின் ஒன்றரைக் கோடி சாதனையைத் தாண்டி, 2003இல் மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி வண்டி வரும்போது 2 கோடியே 15 லட்சத்தைக் கடந்திருந்தது. ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே எஞ்சின் ஆறும், ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் போதும். கம்பெனியின் நல்ல பெயர் பெரும்பாலும் அந்த வண்டி சம்பாதித்துக் கொடுத்தது. அதைச் சொல்லித்தான் உள்ளே ஏகப்பட்ட கண்ட்ரோல் யூனிட்டும் வயரும் ஓடும் ஒரு போலோவை நமக்கு விற்கிறார்கள்.

நம் போலோ ஜெர்மனியிலிருந்து வந்ததும் இல்லை. 2010இல் இங்கே விற்பனைக்கு வந்தது, செய்தது புனே பக்கத்தில் சாக்கன் தொழிற்சாலையில். 1.5 டீசல் எஞ்சினையும் 2015 முதல் அங்கேயே அசெம்பிள் செய்தார்கள். அதனால் தரம் குறைவு என்று சொல்ல வரவில்லை. வள்ளியூரில் என் சித்தப்பா மகன் வைத்திருக்கும் பெட்ரோல் போலோ இன்றைக்கும் நாகர்கோவில் ரோட்டில் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, ஸ்டியரிங் பிடித்தால் இறங்க மனசு வராது. ஸ்பேர் விலை அதிகம், சர்வீஸ் சென்டர் குறைவு, இந்த இரண்டும்தான் அவன் புலம்பல். 2020இல் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்ததும் இந்தியாவில் இவர்கள் டீசலையே விட்டுவிட்டார்கள், 2022இல் போலோவும் நின்றுபோனது. புது வண்டி கிடையாது என்பதால் பழையதற்கு ஏக கிராக்கி. கன்சல்டிங்காரர்கள் காட்டில் மழை.

சித்திரையில் வாங்கினேன். வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் ஆட்டம் தொடங்கியது. சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டும், தானாகத் திறக்கும். நாங்குநேரி டோல்கேட்டில் இறக்கிய கண்ணாடி மறுபடி ஏறவேயில்லை, வீடு வரைக்கும் சாரலில் நனைந்துகொண்டே வந்தேன். ஏசியைப் போட்டால் ஈரச் சாக்கு வாடை. கடையில் போய்க் கேட்டால், அதே மனிதர், அதே ஜெர்மனி, ஆனால் பேச்சு தலைகீழ். “அண்ணாச்சி, ஜெர்மன் வண்டின்னாலே சென்சார் ஜாஸ்தி. அப்பப்போ எதாவது காட்டத்தான் செய்யும். அதுக்குத் தக்கன செலவு பண்ணித்தான் ஆவணும்” என்று அவருக்கு வேண்டிய ஒரு எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். அவர் பேட்டரியை மாற்றச் சொன்னார், அப்புறம் ஆல்டர்னேட்டரை மாற்றினார், அப்புறம் ஃபோக்ஸ்வேகனே இப்படித்தான் என்றார். விற்கும்போது பாராட்டுவதற்கும் கோளாறு வந்தால் கை கழுவுவதற்கும் அதே பெயர்தான் அவர்களுக்கு உதவுகிறது. எனக்கு ஆத்திரம் வந்தது அதில்தான்.

ஃபோக்ஸ்வேகன் மீது சொல்ல நிஜமாகவே குறைகள் உண்டு, யாரும் கம்பெனியைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டாம். புகைச் சோதனையில் ஏமாற்ற மென்பொருள் வைத்ததை 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அம்பலப்படுத்தியது, உலகம் முழுவதும் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டி அந்தக் கணக்கில் வந்தது. இந்தியாவிலும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கு மேல் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்த டிசம்பரில் அறிவித்தார்கள். டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் எண்ணெயை மாற்றித் தர 2013இல் உலகளவில் 16 லட்சம் வண்டியைக் கூப்பிட்டார்கள், சூடும் ஈரமும் உள்ள ஊர்களில்தான் அந்தத் தொல்லை அதிகம். ஆட்டோமேட்டிக் போலோ பார்க்கிறவர்கள் இதைத் தனியாக விசாரியுங்கள். ஆனால் இறக்கிய கண்ணாடி ஏறாமல் நிற்பதும் சாக்கு வாடை அடிப்பதும் எந்த ஊர்க் கம்பெனியின் குணமும் கிடையாது.

கடைசியில் நாகர்கோவிலில், ஜெர்மன் வண்டிகளே பார்க்கும் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சாவியைப் போட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர், அணைத்துவிட்டு மறுபடி போட்டார். “அண்ணே, சாவியப் போட்டா ஏர்பேக் லைட்டு ஒரு மூணு நாலு செகண்டு எரிஞ்சு அணையணும். இதுல எரியவே மாட்டேங்கு” என்றார். மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பிய கீறல் இருந்தது. கழற்றினால், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை மட்டும் நேக்காகப் பிடுங்கி எடுத்திருந்தார்கள்.

அப்புறம் லேப்டாப்பைச் செருகினார். எஞ்சினின் கண்ட்ரோல் யூனிட்டில் பழைய கோளாறுகளையெல்லாம் அழித்திருந்தார்கள், ஏர்பேக் யூனிட்டில் மட்டும் அழியாமல் கிடந்தது. இந்த வண்டிகளில் ஒரு கோளாறு பதிவாகும்போது அந்த நேரத்துக் கிலோமீட்டரும் தேதியும் கூடவே பதிவாகிவிடும். திரையில் தேதி 18.12.2023, கிலோமீட்டர் 97 ஆயிரத்துச் சொச்சம். அந்தத் தேதியை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். 17, 18 இரண்டு நாளும் தாமிரபரணி கரை புரண்டு, நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. நடு கன்சோலைக் கழற்றி ஏர்பேக் யூனிட்டின் மஞ்சள் கனெக்டரை உருவினார், பின்களில் பச்சை பூத்திருந்தது, இடுக்கிலிருந்து காய்ந்த வண்டல் பொடியாக உதிர்ந்தது.

நான் குடும்பத்தோடு திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் போய்வந்ததெல்லாம் ஏர்பேக் வேலை செய்யாத வண்டியில். தகடு கல்லு மாதிரி என்றாரே, 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இதே போலோவை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத வண்டிக்குப் பூஜ்யம் ஸ்டார், இரண்டு ஏர்பேக் வைத்ததற்கு 4 ஸ்டார், இரண்டிலும் தகடு ஒன்றுதான். கெட்டுப்போன யூனிட்டை மாற்றினால் காசு என்று விளக்கைப் பிடுங்கினவனை வெறும் வியாபாரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மீட்டர் விஷயத்தையும் சும்மா காசு நஷ்டமாக நினைக்காதீர்கள். இந்த டீசலில் டைமிங் பெல்ட் இருக்கிறது, லட்சம் கிலோமீட்டரை ஒட்டி அதைக் கவனித்தே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் காலி. 58 ஆயிரம் என்று நம்பி இன்னும் காலம் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருப்போம்.

இப்படிப்பட்ட வண்டி எப்படிச் சந்தைக்கு வருகிறது என்றால், பழுது பார்க்கும் செலவு இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள், வண்டி ஏலத்துக்குப் போகும். எடுக்கிறவர் கழுவி, காய வைத்து, சீட் கவர் மாற்றி, சென்ட் அடித்து நிறுத்துவார். அதனால் முந்தைய வருஷத்து இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டாயம் கேளுங்கள். கிளெய்ம் வாங்காததற்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கிறது. எனக்குக் காட்டியது 2024இல் புதிதாகப் போட்ட தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும், பழையது டாக்டர் வீட்டில் இருக்கிறதாம். பகலில் போய்ப் பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைத் தடவுங்கள், சீட் ரெயில் போல்ட்டில் துரு இருக்கிறதா, கார்பெட்டுக்கு அடியில் பஞ்சு ஈரமா என்று பாருங்கள், கார்பெட்டைத் தூக்க விடமாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். சாவியைப் போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து அணைகிறதா என்பதையும், எல்லா யூனிட்டையும் படிக்கும் ஸ்கேனரில் முழு ரிப்போர்ட்டையும் பார்க்காமல் பணம் எண்ண வேண்டாம். சேசிஸ் நம்பரைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசியாகப் பதிவான கிலோமீட்டரை விசாரியுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலருக்கு ஆர்.டி.ஓ. அலுவலக அங்கீகாரச் சான்று வேண்டும், அதையும் கேளுங்கள். நான் கேட்டபோது “நம்ம கடை பதினஞ்சு வருசமா இருக்கு அண்ணாச்சி” என்பதுதான் பதிலாக வந்தது.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் கனெக்டர் போட்டோவும் வைத்து வக்கீல் நோட்டீஸ் விட்டோம், பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே புகார் போட்டாயிற்று. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் வழி சொல்கிறார்கள். கடைக்காரர் இப்போது ஒரு பொதுவான ஆளைப் பிடித்து, வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் மூன்று லட்சம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று தூது விடுகிறார். முழுத் தொகையும் எலக்ட்ரீஷியனுக்கு அழுததும் வந்தால் பேசலாம், அதுவும் விளக்கைப் பிடுங்கியதை எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.