ஒன்பது நாள் எவரெஸ்ட் பேக்கேஜ்: காணாமல்போன இரண்டு இரவுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக முன்பணம் கட்டியவர்களும், கட்டலாமா என்று யோசிப்பவர்களும் இதைப் படித்துவிட்டு டிராவல்ஸ் கொடுத்த பேக்கேஜ் நோட்டீஸை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். போன ஏப்ரலில் இங்கிருந்து கிளம்பிய ஏழு பேருக்கு நடந்தது இது. நோட்டீஸ், ரசீது, பாலிசி, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அவர்களே கொடுத்து எழுதச் சொன்னார்கள். டிராவல்ஸின் பெயரைப் போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பயனில்லை, வேறு பெயரில் இதே நோட்டீஸை அச்சடிக்க அரை நாள் போதும்.

காசி, பத்ரிநாத் என்று யாத்திரை நடத்திக்கொண்டிருந்தவர்கள் புதிதாக ட்ரெக்கிங்கில் இறங்கியிருக்கிறார்கள். காட்மாண்டுவில் ஏற்றி காட்மாண்டுவில் இறக்கிவிட ஆளுக்கு ₹85,000. விமானத்தில் போய் இறங்கும் லுக்லாவில் நடக்க ஆரம்பித்து லுக்லாவுக்கே திரும்ப 9 நாள். "மத்தவங்க 11, 12 நாள் இழுப்பாங்க சார், லீவு கிடைக்காதவங்களுக்கு நம்மது எக்ஸ்பிரஸ்" என்பது விற்பனைப் பேச்சு. மோசடி முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள்தான் இருக்கிறது.

நோட்டீஸில் மூன்றாம் நாள் வரி இப்படி இருக்கிறது: "நாம்சே – தெங்போச்சே. இயற்கை எழில் கொஞ்சும் பாதை. இரவு தங்கல்." எவ்வளவு உயரத்தில் தங்கல் என்று ஒரு வரியிலும் இல்லை. உயரமான மலைப் பாதையில் பகலில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதைவிட, இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். பேனா எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள். பாக்டிங் 2,610 மீட்டர், நாம்சே பஜார் 3,440, தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164. வழக்கமான திட்டத்தில் நாம்சேவில் இரண்டு இரவு, டிங்போச்சேவில் இரண்டு இரவு. இந்த எக்ஸ்பிரஸில் இரண்டு இடத்திலும் ஒவ்வோர் இரவுதான். முதல் இரவு 2,610-இல் படுத்தவர்கள் ஆறாம் இரவு 5,164-இல் படுக்க வேண்டும், நடுவில் ஒரு நாள்கூட நிற்காமல்.

மலை மருத்துவத்தில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். தெங்போச்சேவிலிருந்து டிங்போச்சே 550, அங்கிருந்து லோபுச்சே 530 என்று வழக்கமான திட்டமே கொஞ்சம் மீறத்தான் செய்கிறது. அந்த மீறலை ஈடுகட்டுவது அந்த இரண்டு கூடுதல் இரவுகள். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஏற்றம். பேஸ் கேம்ப் இருக்கும் 5,364 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மூச்சின் வேகம், சிறுநீரகம், இரத்தம் எல்லாம் அதற்கேற்ப மாற நாள் பிடிக்கும்.

"பருவதமலை ஏறிட்டீங்கள்ல, ஒண்ணியும் ஆகாது சார்." ஏழு பேரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பருவதமலை உச்சி சுமார் 4,500 அடி, அதாவது 1,400 மீட்டருக்குள். எவரெஸ்ட் பாதையில் முதல் ராத்திரி தூங்கும் பாக்டிங்கே அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம். கடப்பாரைப் படியைப் பிடித்து மூச்சு வாங்காமல் ஏறுகிறவருக்குக் கால் பலம் இருக்கும், நெஞ்சுத் திடம் இருக்கும். உயரத்துக்குப் பழகுவது வேறு சங்கதி. அதை வேலூரில் இருந்துகொண்டு செய்ய முடியாது. சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளை முதுகில் எட்டு கிலோ பையோடு வாரம் இரண்டு முறை ஏறி இறங்கினால் முட்டி தயாராகும், குறிப்பாக இறக்கத்துக்கு. அதற்கு மேல் அந்தப் பயிற்சியிடம் எதிர்பார்க்காதீர்கள். நல்ல உடம்புக்காரர்கள் வேகமாக ஏறிவிடுவதாலேயே முதலில் விழுவதும் உண்டு.

இரண்டு இரவை ஏன் வெட்டுகிறார்கள்? வேலூரில் கட்டும் பணம் நேராக நேபாளம் போவதில்லை. இங்கிருந்து டெல்லி ஏஜெண்ட், அவரிடமிருந்து காட்மாண்டு ஏஜெண்ட், கடைசியில் கைடு. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நின்றுவிடும். லுக்லா விமான டிக்கெட் செலவைக் குறைக்க முடியாது, பெர்மிட் செலவையும் முடியாது. குறைக்க முடிந்தது நாள் கணக்கை மட்டும்தான். கைடுக்கு ஒரு நாள் கூலி சுமார் 30 டாலர், போர்ட்டருக்கு 20, ஒரு ஆளின் மூன்று வேளைச் சாப்பாடும் அறையும் 25. ஏழு பேர், ஒரு கைடு, இரண்டு போர்ட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு நாளை வெட்டினால் மிச்சமாவது 490 டாலர். தலைக்கு ஆறாயிரம் ரூபாய் அளவு. போர்ட்டரே இரண்டு பேருக்கு ஒருவர், ஆளுக்கு 10 கிலோ சுமை என்பதுதான் நியாயமான ஏற்பாடு. ஏழு பேருக்கு இரண்டு போர்ட்டர் என்று எழுதியிருந்தபோதே கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

பெர்மிட்டில் கூடுதலாக வசூலித்தும் சின்னதாக ஒரு கை. சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு மற்ற நாட்டவர்களுக்கு 3,000 நேபாள ரூபாய், சார்க் நாட்டவர்களான நமக்கு 1,500, அதன்மேல் 13 சதவீத வரி. நம் ஒரு ரூபாய் அவர்களுடைய 1.60. ஆக ஆயிரத்து அறுபது ரூபாய்க்குள் முடிகிற சீட்டு. இவர்களிடம் அயல்நாட்டவர் கட்டணத்தை வாங்கி, கூடவே டிம்ஸ் என்ற மலைநடைப் பதிவு அட்டைக்கும் வசூலித்திருக்கிறார்கள். எவரெஸ்ட் பாதையில் டிம்ஸ் கேட்பதே இல்லை. அதன் இடத்தில் உள்ளூராட்சிக் கட்டணம் ஒன்று தனியாக உண்டு. பெர்மிட் சீட்டை உங்கள் கையில் வாங்கித் தொகையைப் படியுங்கள், அச்சில் இருக்கும்.

டெல்லி விமான நிலையத்திலேயே ஒருவர் நின்றுபோனார். "நேபாளம்தானே, ஆதார் போதும்" என்று சொல்லியிருந்தார்கள். விமானத்தில் நேபாளம் போகப் பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்லுபடியாவது 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும்தான். அவருக்கு ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை.

மிச்சம் ஆறு பேரை காட்மாண்டுவில் நள்ளிரவு ஒரு மணிக்கு எழுப்பி ஜீப்பில் ஏற்றினார்கள், அதற்குத் தனிக் காசு. சீசனில், அதாவது மார்ச் முதல் மே வரையும் அக்டோபர், நவம்பரிலும், லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து கிளம்பாது. நாலைந்து மணி நேரம் தள்ளியிருக்கும் ராமேச்சாப் மாவட்டத்து மந்த்தலியிலிருந்துதான். இது ஊரறிந்த விஷயம். நோட்டீஸில் இல்லாதது மறதி அல்ல. லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், சரிவாக இருக்கும், மேகம் மூடினால் விமானம் இறங்காது. கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் அனுமதி. போகவும் வரவும் சேர்த்துக் குறைந்தது இரண்டு நாள் உபரி வைக்காத பேக்கேஜை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இந்த நோட்டீஸில் உபரி பூஜ்யம். "வானிலையால் ஆகும் செலவு பயணியைச் சார்ந்தது" என்ற வரி மட்டும் பொடி எழுத்தில் இருக்கிறது.

அடுத்து ஷூ. பேக்கேஜோடு இலவசமாக ட்ரெக்கிங் ஷூ, எக்ஸ்போர்ட் குவாலிட்டி. எக்ஸ்போர்ட்டுக்குப் போகாமல் கோடவுனில் பல வருஷம் கிடந்த சரக்கு என்பதுதான் பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை: மேல்தோல் பத்து வருஷம் ஆனாலும் பளபளவென்றிருக்கும், பி.யூ. (பாலியூரிதேன்) சோல் அப்படியல்ல. காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். பார்வைக்குப் புதுசு, இரண்டு நாள் நடந்தால் நடுச்சோல் ஊறின பிஸ்கட் மாதிரி உதிரும். இரண்டு பேருக்கு நாம்சே ஏற்றத்திலேயே அடி பிளந்துவிட்டது. மேலே கயிறு கட்டி நடந்தார்கள். வாங்கும்போது நடுச்சோலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் அப்படியே நின்றால் வேண்டாம். முன்பக்கத்தை நன்றாக வளைத்து வெடிப்பு தெரிகிறதா பாருங்கள். பல ஷூக்களில் அடியில் சின்ன வட்டத்துக்குள் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். தடித்த சாக்ஸ் போட்டு நின்றால் முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் கால் நகம் கறுத்து விழும்.

வாடகைக்குக் கொடுத்த ஸ்லீப்பிங் பேக்கில் "மைனஸ் 10" என்று கொட்டை எழுத்து. உள்பக்கத் துணிப்பட்டையில் மூன்று எண்கள் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர், சமாளிக்கக்கூடிய எல்லை, உயிர் மட்டும் தப்பக்கூடிய எல்லை. அந்த மைனஸ் 10 மூன்றாவது எண். முதல் எண் பிளஸ் 3. லோபுச்சேவில் ஏப்ரல் ராத்திரிக்கு அது கதைக்கு உதவாது.

உடல் தகுதிச் சான்றிதழை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். ஏழு தாள். ஏழிலும் ரத்த அழுத்தம் 120/80, ஏழிலும் நாடித்துடிப்பு 72, ஏழிலும் ஒரே கையெழுத்து, ஏழு பேரில் ஒருவர்கூட அந்த டாக்டரைப் பார்த்ததில்லை. அதில் ஒருவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். நாடு முழுக்க வைத்தியத்துக்கு வந்து குவியும் ஊரில் இது நடக்கிறது.

"ஆக்சிஜன் வசதி உண்டு" என்றது கொசு மருந்து டப்பா அளவுக்கு இருக்கும் ஸ்ப்ரே கேன். 10 லிட்டர். உயரத்துக்கு உடம்பு பழகாமல் மலைநோய் வந்தவருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் கொடுத்தால் ஐந்தே நிமிடம். கேட்க வேண்டியது ரெகுலேட்டரும் மாஸ்க்கும் உள்ள நிஜ சிலிண்டர். பல்ஸ் ஆக்சிமீட்டர் கைடிடம் இருந்தது, ஆனால் குளிர்ந்த விரலிலும் நெயில் பாலிஷ் மேலும் வைத்து எடுத்த எண்ணை நம்ப முடியாது. கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

லோபுச்சேவில் ஒரு பெண்ணுக்குத் தலைவலி, வாந்தி. கைடு சொன்னது: "டயமாக்ஸ் போட்டுக்கிட்டு மெதுவா வாங்க." தவறு அங்கேதான். டயமாக்ஸ் முக்கியமாக முன்தடுப்பு மருந்து. டாக்டர் சீட்டின்பேரில், பொதுவாக 125 மில்லிகிராம் காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அறிகுறி வந்தபின் அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறக் கூடாது. தலைவலியோடு வாந்தி வந்தால் அங்கேயே நிற்க வேண்டும், குறையாவிட்டால் இறங்க வேண்டும். தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் நுனிவிரலும் ஒட்ட ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டிலும் ராத்திரியானாலும் உடனே கீழே கொண்டுபோக வேண்டும், விடியக் காத்திருக்கக் கூடாது. அந்தப் பெண்ணை கோரக் ஷெப் வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். அங்கே தள்ளாட்டம். மறுநாள் ஹெலிகாப்டர். பிழைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் டிங்போச்சேவோடு திரும்பியிருந்தார்கள். ஆக ஏழில் பேஸ் கேம்ப் பார்த்தது மூன்று பேர்.

ஹெலிகாப்டர் பில் ₹4 லட்சத்தைத் தொட்டது. இன்சூரன்ஸ் கொடுக்கவில்லை. பாலிசியின் விலக்குப் பக்கத்தில் 3,000 மீட்டருக்கு மேல் பொறுப்பில்லை என்று தெளிவாக இருக்கிறது. நாம்சே 3,440. அதாவது இரண்டாம் நாள் சாயங்காலமே பாலிசி செத்துவிட்டது. 6,000 மீட்டர் வரை மலைநடை, ஹெலிகாப்டர் மீட்பு என இரண்டும் பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும். ஹெலிகாப்டரை அழைக்கும் முன் இன்சூரன்ஸின் உதவி எண்ணுக்குத் தகவல் போக வேண்டும். இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. லேசான தலைவலிக்கே பயமுறுத்தி ஹெலிகாப்டரை வரவழைத்துக் கமிஷன் பார்ப்பது. 2018-இல் நேபாள அரசே இதை விசாரித்தது.

இனி பணம். டிராவல்ஸ் கொடுத்த ரசீதில் "யாத்திரை கைங்கரிய நன்கொடை" என்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் கிடையாது. நன்கொடை என்றால் சேவைக்குக் கொடுத்த கட்டணம் அல்ல, நுகர்வோர் வழக்கே வராது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பாதிப் பணம் ஜிபேயில் போயிருந்தது, "எவரெஸ்ட் பேக்கேஜ் அட்வான்ஸ் கிடைத்தது" என்று அவர்களே வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருந்தார்கள். அதை வைத்துத்தான் புகார் நிற்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். கட்டிய தொகை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் இன்றைக்கே வாட்ஸ்அப்பில், போனில் அல்ல, இவற்றைக் கேளுங்கள்: ஒவ்வோர் இரவும் தூங்கும் இடம், அதன் உயரம் மீட்டரில், கைடின் நேபாள அரசு உரிம எண், காட்மாண்டுவில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர், பாலிசியின் முழுப் பிரதி, யாராவது நோயால் இறங்கினால் கூட இறங்கப்போகும் ஆள் யார். ஒரே கைடு இருக்கும் குழுவில் கடைசிக் கேள்விக்குப் பதில் வராது. வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். "அதெல்லாம் நம்ம ஆளுங்க பாத்துப்பாங்க சார்" என்று பதில் வந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதே உரையாடலிலேயே முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.