கீஸ்டோர் எக்ஸ்ப்ளோரர்: சர்டிஃபிகேட் ஃபைல இன்ஸ்டால் பண்ணாமலே தெறந்து பாக்க

நான் ஒரு சின்ன கம்பெனில சர்வர்ல இருந்து பிரிண்டர்ல சிக்குன பேப்பர் வரைக்கும் பாக்குற ஆளு, வெப்சைட் சர்டிஃபிகேட் (இது உண்மையான சைட் தான்னு பிரவுசருக்கு காட்டற அடையாள அட்டை மாதிரி) புதுப்பிக்கிறதும் என் தலையில தான். இதுவரைக்கும் வருஷத்துக்கு ஒரு வாட்டி வந்த வேலைங்கறதால போன வாட்டி என்ன பண்ணோம்னு ஒவ்வொரு வாட்டியும் மறந்து தொலையும். மெயில்ல ஒரு ஜிப் வரும், உள்ள சிஆர்டினு ஒன்னு, பி7பினு ஒன்னு, பெம்னு ஒன்னு, எதுக்குள்ள என்ன இருக்குனு ஃபைல் பேர வச்சு சொல்லவே முடியாது.

விண்டோஸ்லயே டபுள் கிளிக் பண்ணி பாக்கலாமேனு கேப்பீங்க. சிஇஆர், சிஆர்டி எல்லாம் பாக்கலாம், ஜெனரல், டீடெயில்ஸ், சர்டிஃபிகேஷன் பாத்னு மூணு டேப் வரும், யாருக்கு குடுத்தது, யார் குடுத்தது, எந்த தேதி வரைக்கும்னு தெரியும். அது போதும்னா இந்த ரிவ்யூவ இத்தோட மூடிடலாம். பிஎஃப்எக்ஸ் ஃபைல் (சர்டிஃபிகேட்டையும் அதோட ரகசிய சாவியான பிரைவேட் கீயையும் ஒன்னா போட்டு பாஸ்வேர்டால பூட்டுனது) தான் வில்லங்கம். அத டபுள் கிளிக் பண்ணா தெறந்து காட்டாது, நேரா இம்போர்ட் விசார்டு வந்து நிக்கும். நான் ஒரு நாள் அவசரத்துல அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டர்ல உக்காந்து, தேதிய மட்டும் பாப்போம்னு பிஎஃப்எக்ஸ கிளிக் பண்ணி, பாஸ்வேர்ட் அடிச்சு, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் ஃபினிஷ். சர்வரோட பிரைவேட் கீ மூணு வாரம் அந்த கம்ப்யூட்டர்ல கெடந்துது, வேற எதையோ தேடறப்ப தான் கண்ணுல பட்டுது. தப்பு என்னோடது தான், ஆனா அன்னைக்கு தான் இந்த கீஸ்டோர் எக்ஸ்ப்ளோரர்ங்கற சாஃப்ட்வேர தேடிப் போட்டேன்.

ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ். ஜாவால எழுதுனது, விண்டோஸ் இன்ஸ்டாலர்ல ஜாவாவும் கூடவே வந்துடுது, தனியா அலைய வேணாம். எக்ஸாமின் மெனுல போய் ஃபைல காட்டுனா போதும், பேருக்குப் பின்னாடி என்ன இருக்குனு பாக்காம உள்ள இருக்கறத பாத்து இது சர்டிஃபிகேட், இது சிஎஸ்ஆர் (சர்டிஃபிகேட் கேட்டு அனுப்பற விண்ணப்பம்), இது பிரைவேட் கீனு சொல்லிடும். இது ஏன் பெரிய விஷயம்னா, சிஇஆர்னு பேர் வச்ச ஃபைல் டெக்ஸ்ட்டாவும் இருக்கலாம், பைனரியாவும் இருக்கலாம். நோட்பேட்ல தெறந்தா பிகின் சர்டிஃபிகேட்னு ஒரு வரியும் கீழ புரியாத எழுத்து கும்பலும் வந்தா அது பெம்ங்கற டெக்ஸ்ட் வடிவம், கட்டம் கட்டமா குப்பையா வந்தா பெரும்பாலும் டெர்ங்கற பைனரி வடிவம். ரெண்டும் ஒன்னு தான், ஒரே ஆளு வேட்டி கட்டிட்டு வந்தா ஒரு பேரு பேண்ட் போட்டுட்டு வந்தா ஒரு பேருங்கற மாதிரி. ஒரு பெம் ஃபைலுக்குள்ள நாலு சர்டிஃபிகேட்ட வரிசையா ஒட்டி அனுப்பறதும் உண்டு, விண்டோஸ்ல மொத ஆள மட்டும் தான் காட்டும், இதுல மொத்த பரம்பரையும் மரம் மாதிரி வந்துடும், எல்லாத்துக்கும் மூலமான ரூட்டு, அதுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற இன்டர்மீடியட், கடைசியா நம்ம சர்டிஃபிகேட்.

தெறந்ததும் நான் மொதல்ல எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டன அமுக்கி சப்ஜெக்ட் ஆல்டர்னேட்டிவ் நேம் (இந்த சர்டிஃபிகேட் எந்தெந்த டொமைனுக்கு செல்லும்ங்கற லிஸ்ட்) இருக்கானு பாப்பேன். பிரவுசருங்க இப்ப காமன் நேம (சர்டிஃபிகேட் யாருக்குன்னு மேல எழுதியிருக்கற ஒத்த பேர) கண்டுக்கறதே இல்ல, குரோம் 2017லயே விட்டுடுச்சு, நம்ம டொமைன் பேரு இந்த லிஸ்ட்ல இல்லைனா மேல என்ன எழுதியிருந்தும் பிரயோஜனம் இல்ல.

இது காசு வாங்காமலே என்னைய காப்பாத்துன கதை ஒன்னு. போன வாட்டி வந்த பிஎஃப்எக்ஸ எங்க பழைய சர்வர்ல ஏத்துனா பாஸ்வேர்ட் தப்புனே சொல்லுது. அனுப்புனவர்கிட்ட மூணு தடவை கேட்டு அவரே கடுப்பாயிட்டாரு. அதே ஃபைல அதே பாஸ்வேர்ட போட்டு இதுல தெறந்தா அழகா தெறக்குது! அப்பறம் தான் புரிஞ்சுது, இந்த மாதிரி ஃபைல உண்டாக்கற ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற சாஃப்ட்வேர்ல, 2021ல வந்த 3ம் வெர்ஷன்ல இருந்து பிஎஃப்எக்ஸ பூட்டற முறைய மாத்திட்டாங்க, அந்த புது பூட்டு பழைய சர்வருக்கு தெரியாது, தெரியலைனு சொல்லாம பாஸ்வேர்ட் தப்புனு சொல்லுது. பழைய முறையில பூட்டற லெகசி ஆப்ஷன் போட்டு திரும்ப பேக் பண்ணி வாங்குனதும் ஏறிடுச்சு.

கொறைன்னு பாத்தா, தெறக்க கொஞ்சம் நேரம் எடுக்கும், மூஞ்சியும் பத்து வருஷம் பழசு மாதிரி தான். அலையஸ் (உள்ள இருக்கற ஒவ்வொன்னுக்கும் வைக்கற பேரு), கீ பேர் (சாவி ஜோடி)னு எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு செஞ்சது, புதுசா வர்றவங்களுக்கு சட்டுனு புரியாது. ஜிஎஸ்டி, டெண்டர் வேலைக்கு யுஎஸ்பி டோக்கன்ல வச்சிருக்கற டிஎஸ்சிய (டிஜிட்டல் கையெழுத்து சர்டிஃபிகேட்ட) இதுல போட்டு பிஎஃப்எக்ஸா எடுத்துடலாம்னு நெனைக்காதீங்க. பிரைவேட் கீ டோக்கன விட்டு வெளிய வரவே வராது, அதுக்கு தான் டோக்கனே. அதுல இருந்து எக்ஸ்போர்ட் பண்ற சிஇஆர்ல பப்ளிக் கீ மட்டும் தான் இருக்கும், அத யாருக்கு வேணா அனுப்பலாம், அத வச்சு யாரும் கையெழுத்து போட முடியாது.

இதுக்கு பதிலா ஆன்லைன்ல சர்டிஃபிகேட் டீகோடர் ஏகப்பட்டது இருக்கேனு ஒரு நண்பர் சொன்னாரு. வெறும் சர்டிஃபிகேட்ட பேஸ்ட் பண்ணா பரவால்ல, அது எப்படியும் ஊருக்கே தெரியறது தான். பிஎஃப்எக்ஸையும் பாஸ்வேர்டையும் சேத்து அப்லோட் பண்றது வீட்டு சாவிய முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட டூப்ளிகேட் போட குடுத்துட்டு டீ குடிக்க போற மாதிரி.

5க்கு 4 குடுப்பேன். புது ரூல்படி வெப்சைட் சர்டிஃபிகேட்டோட அதிகபட்ச ஆயுசு 2026 மார்ச் 15ல இருந்து 200 நாள், 2027 மார்ச்ல 100, 2029 மார்ச்ல 47 நாள் தான்னு வேற ஆக்கிட்டாங்க, இனிமே அடிக்கடி புதுப்பிக்கணும், அதனால இத டெஸ்க்டாப்லயே வச்சிருக்கேன். சர்டிஃபிகேட் ஏத்துனதும் எக்ஸாமின் மெனுல இருக்கற எக்ஸாமின் எஸ்எஸ்எல்ல நம்ம டொமைனும் போர்ட் நம்பர் 443ம் போட்டு ஒரு தடவை பாத்துடுங்க, சர்வர் உண்மையில என்ன அனுப்புதுனு காட்டும். என் கம்ப்யூட்டர்ல பூட்டு படம் சரியா வந்துது, மேனேஜர் போன்ல மட்டும் எர்ரர், பாத்தா இன்டர்மீடியட்ட ஏத்தாமயே விட்டிருந்தேன்.