பஸ்சுக்குள்ள ஓடுற பியூயல் செல்லா, வீட்டுக்குள்ள கொதிக்கிற பியூயல் செல்லா? ஐரோப்பா கூட்டு ஆராய்ச்சியில எது பலிச்சுது

பியூயல் செல்னா எரிபொருளை எரிக்காம நேராக் கரண்டா மாத்துற கருவி. ஐரோப்பாவுல ஹைட்ரஜன் பியூயல் செல் ஆராய்ச்சின்னு பேச்சு வந்தாலே எல்லாரும் அது ஏதோ ஒரே டெக்னாலஜி மாதிரி பேசிட்டுப் போயிடுறாங்க. உள்ள போய்ப் பார்த்தா ரெண்டு வேற வேற குடும்பம், ரெண்டுக்கும் ஒரே கஜானாவுல இருந்துதான் காசு போயிருக்கு. ஒண்ணு பெம், அதாவது மெம்பிரேன் வச்சது, இன்னொண்ணு சாலிட் ஆக்சைடு, செராமிக் வச்சது. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை, ஏன்னா எது ஜெயிச்சுது எது தோத்துதுங்கிறதுக்கு, இந்த டெக்னாலஜி நல்லது அது மோசம்னு வழக்கமா சொல்ற காரணம் எனக்குச் சரியாவே படல.

முதல்ல காசு விவரம். 2008ல ஐரோப்பிய யூனியன், கம்பெனிகள், ஆராய்ச்சி நிலையங்கள் மூணும் சேர்ந்து பிரஸ்ஸல்ஸ்ல ஒரு கூட்டு அமைப்பு ஆரம்பிச்சாங்க, யூனியன் பங்கு 47 கோடி யூரோ. 2014ல ரெண்டாவது ரவுண்டு, 66.5 கோடி. 2021 கடைசியில கிளீன் ஹைட்ரஜன் பார்ட்னர்ஷிப்னு புதுப் பேரோட 100 கோடி யூரோ. தனியா ஒரு கம்பெனி போய் ஆராய்ச்சிக் காசு கேட்க முடியாது, பொதுவா குறைஞ்சது மூணு நாட்டுல இருந்து மூணு நிறுவனமாவது சேர்ந்து வரணும். இந்த ரூல்தான் பின்னாடி நிறைய நல்லதுக்குக் காரணம், அதுக்கு அப்புறம் வரேன்.

பெம் எப்படின்னா, பிளாஸ்டிக் தாள் மாதிரி மெல்லிசா ஒரு மெம்பிரேன், ரெண்டு பக்கமும் பிளாட்டினம், ஒரு பக்கம் ஹைட்ரஜன் இன்னொரு பக்கம் காத்து. 60லேர்ந்து 80 டிகிரிக்குள்ள வேலை செய்யும், ஸ்டார்ட் பண்ணினா உடனே கரண்ட் வரும், ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஏறும் விட்டா இறங்கும், அதனால வண்டிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. குறை என்னன்னா ஹைட்ரஜன் அவ்ளோ சுத்தமா இருக்கணும். கார்பன் மோனாக்சைடு துளி கலந்தாலும் பிளாட்டினம் மேல ஒட்டிக்கிட்டு இடத்தைப் பிடிச்சுக்கும், அதனாலதான் வண்டிக்குப் போடுற ஹைட்ரஜன்ல அது 0.2 பிபிஎம் (பத்து லட்சத்துல 0.2 பங்கு) தாண்டக்கூடாதுன்னு ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டே இருக்கு.

சாலிட் ஆக்சைடு இதுக்கு நேரெதிர். இட்ரியா கலந்த சிர்கோனியா செராமிக், அதோட நிக்கல், பிளாட்டினம் தேவையே இல்ல. 650லேர்ந்து 850 டிகிரி வரைக்கும் சூட்டுல ஓடும். பெம்முக்கு விஷமா இருக்கிற கார்பன் மோனாக்சைடு இதுக்குச் சாப்பாடு, இயற்கை எரிவாயுவைக் கூட உள்ளேயே உடைச்சு எடுத்துக்கும். ஆனா சூடேற மணிக்கணக்கா ஆகும், அவசரப்பட்டு ஏத்தி இறக்கினா செராமிக் விரிசல் விட்டுடும். ஒரு தடவை ஏத்திட்டா அணைக்காம வருஷக்கணக்கா ஓட்டுறதுதான் அதுக்கு நல்லது.

இப்ப பஸ் கதை. 2001ல க்யூட்னு ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாங்க, ஆம்ஸ்டர்டாம், பார்சிலோனா, ஹாம்பர்க், லண்டன், லக்சம்பர்க், மாட்ரிட், போர்ட்டோ, ஸ்டாக்ஹோம், ஸ்டுட்கார்ட்னு 9 ஊரு, ஊருக்கு 3 மெர்சிடிஸ் சிட்டாரோ பஸ், மொத்தம் 27. ஒரு பஸ் விலை சுமார் 12.5 லட்சம் யூரோ. கூரை மேல 9 சிலிண்டர், 350 பார் பிரஷர்ல 40 கிலோ ஹைட்ரஜன், அத்தனையும் நிரப்பினா ஓடுறது சுமார் 200 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல குடிச்சுது. ஏன் அவ்ளோன்னா அந்த டிசைன்ல ஹைப்ரிட் பேட்டரியே கிடையாது, சிக்னல்ல நிக்கும்போதும் பியூயல் செல் ஓடிட்டே இருக்கும், பிரேக் போட்டா அந்த சக்தி பூரா வெப்பமா வீணாப் போயிடும். முதல்ல பஸ் நடுரோட்டுல நிக்காம ஓடட்டும், மைலேஜ் அப்புறம் பார்த்துக்கலாம்னுதான் அப்படி வச்சாங்க, அந்த முடிவு சரின்னுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்து 2010ல சிக் ப்ராஜெக்ட், சுவிட்சர்லாந்தோட ஆர்காவ், இத்தாலியில போல்சானோ, மிலான், அப்புறம் லண்டன், ஆஸ்லோ, அஞ்சு இடத்துல 26 பஸ். இந்தத் தடவை பஸ்செல்லாம் ஹைப்ரிட், பியூயல் செல் சைஸ் சின்னதாச்சு, பிரேக் சக்தி திரும்பி வந்துது, 12 மீட்டர் பஸ் 100 கிலோமீட்டருக்கு 8, 9 கிலோவுக்கு இறங்கிடுச்சு. பத்து வருஷத்துக்குள்ள பாதிக்கும் கீழ! லண்டன் பஸ்ல சில ஸ்டாக், அதாவது பல செல்லை ஒண்ணா அடுக்கின கட்டு, 20,000 மணி நேரத்தைத் தாண்டி ஓடிச்சு. ஒவ்வொரு ஊரும் தன் டேட்டாவை மத்த ஊரோட பகிர்ந்துக்கிட்டதாலதான் இவ்ளோ வேகமா நடந்துதுன்னு நான் உறுதியா நம்புறேன், தனித்தனியா ஓட்டியிருந்தா ஒவ்வொரு ஊரும் அதே பாடத்தை முதல்ல இருந்து படிச்சிருக்கும்.

அப்புறம் ஜைவ், ஜைவ் 2ன்னு ரெண்டு ப்ராஜெக்ட் சேர்ந்து 300 பஸ் கிட்ட. பஸ் விலைக்கும் உச்சவரம்பு வச்சாங்க, முதல்ல 6.5 லட்சம், அடுத்து 6.25 லட்சம் யூரோ. அதாவது க்யூட் காலத்து விலையில பாதி.

இவ்ளோ நல்லாப் போனது எங்க இடிச்சுதுன்னா, ஃபில்லிங் ஸ்டேஷன்ல. ஹைட்ரஜனை அழுத்துற கம்ப்ரஸர்தான் அடிக்கடி படுத்துக்கும், சிக் காலத்துலயே இது தெரிஞ்ச விஷயம். ஜெர்மனியில வீஸ்பாடன் நகரம் 10 ஹைட்ரஜன் பஸ் வாங்கிச்சு, ஸ்டேஷன் பழுதாச்சு, ஓட ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகாமலே 2022 கடைசியில திட்டத்தையே கைவிட்டுட்டாங்க. பிரான்ஸ்ல மான்ட்பெல்லியே 51 பஸ் வாங்கப் போயி 2022 ஜனவரியில ரத்து பண்ணிச்சு, அவங்க சொன்ன கணக்கு கிலோமீட்டருக்கு ஹைட்ரஜன் 95 சென்ட், பேட்டரி 15 சென்ட். நாமளே போட்டுப் பார்க்கலாம்: தண்ணியைக் கரண்டால உடைக்கிற எலக்ட்ரோலைசர்ல ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50லேர்ந்து 55 யூனிட் கரண்ட், அப்ப 8 கிலோவுக்கு 400 யூனிட்டுக்கு மேல, அதே 100 கிலோமீட்டரை பேட்டரி பஸ் 100லேர்ந்து 150 யூனிட்ல முடிச்சிடும். அமுக்குறதுக்கும் கொண்டு போறதுக்கும் ஆகுற செலவை நான் சேர்க்கவே இல்ல.

ஆனா கொலோன் பக்கம் பாருங்க. அங்க ஹ்யூர்த் கிட்ட கெமிக்கல் பேக்டரியில குளோரின் எடுக்கும்போது ஹைட்ரஜன் துணைப்பொருளா வந்துட்டே இருக்கு, அதைப் பிடிச்சு பஸ்சுக்குப் போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ஐரோப்பாவிலேயே பெரிய ஹைட்ரஜன் பஸ் கூட்டங்கள்ல ஒண்ணு அங்கதான் இருக்கு. ஓடுறது அதே பெம் டெக்னாலஜிதான், வித்தியாசம் ஹைட்ரஜன் எங்க இருந்து வருதுங்கிறதுல இருக்கு.

வீட்டுப் பக்கம் வந்தா போட்டி இன்னும் நேரடியா இருக்கும், ஏன்னா ஒரே ப்ராஜெக்ட்ல ரெண்டு வகையும் மோதிச்சு. 2012லேர்ந்து 2017 வரைக்கும் எனெஃபீல்டுன்னு ஒண்ணு, 10 நாட்டுல ஆயிரத்துக்கு மேல வீடுகள்ல பாய்லருக்குப் பதிலா கரண்டும் சுடுதண்ணியும் சேர்த்துத் தர்ற பியூயல் செல் பெட்டி மாட்டினாங்க, அடுத்து வந்த பேஸ் ப்ராஜெக்ட்ல 2,800க்கு மேல மாட்டணும்னு இலக்கு. வீஸ்மான் கம்பெனியோட விட்டோவேலர் பெட்டிக்குள்ள இருந்தது பானசோனிக் பெம், 750 வாட், எரிவாயுவை முதல்ல ஹைட்ரஜனா மாத்தி சுத்தம் பண்ணித்தான் உள்ள விடணும், அதனால கரண்டா கிடைக்கிறது 37 சதவீதம்தான், மிச்சம் வெப்பம். சாலிட்பவர் கம்பெனியோட ப்ளூஜென் சாலிட் ஆக்சைடு, 1.5 கிலோவாட், கரண்டா மட்டுமே 60 சதவீதம் வரைக்கும் எடுத்துக் கொடுக்கும். பெரிய பவர் ஸ்டேஷனே திணறுற எபிஷியன்சி அது, பிரிட்ஜ் சைஸ்ல ஒரு பெட்டியில! இந்த ரவுண்டுல சாலிட் ஆக்சைடுக்குத்தான் என் ஓட்டு, சந்தேகமே இல்ல.

உழைப்பு எப்படின்னு கேட்டா ஜெர்மனியோட யூலிஷ் ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்லணும். அங்க 2007ல ஒரு சின்ன சாலிட் ஆக்சைடு ஸ்டாக்கை அடுப்புக்குள்ள வச்சு 700 டிகிரியில ஓட விட்டாங்க, 2019 ஜனவரியிலதான் அணைச்சாங்க. பதினோரு வருஷத்துக்கு மேல! உலோகமும் செராமிக்கும் கண்ணாடி சீலும் சேர்ந்து அந்தச் சூட்டுல அத்தனை வருஷம் பிடிச்சு நின்னது எனக்கு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

அப்ப ஏன் தெருவெல்லாம் ப்ளூஜென் இல்ல? விலை அதிகம்ங்கிறது ஒண்ணு. அதை விடப் பெரிய அடி 2022ல விழுந்துது. ரஷ்யாவுல இருந்து வர்ற கேஸ் குறைஞ்சு விலை எகிறினதும், இயற்கை எரிவாயுவுல ஓடுற எந்தப் பெட்டியையும் வீட்டுல வைக்க அரசாங்கங்களுக்கே மனசு வரல, மானியமும் பேச்சும், வெளியில இருக்கிற வெப்பத்தைக் கரண்டால உள்ள இழுக்கிற ஹீட் பம்ப் பக்கம் திரும்பிடுச்சு. அதாவது பெம் பஸ்சை ஹைட்ரஜன் கிடைக்காத, விலை கட்டாத நிலைமை கவுத்துச்சு, சாலிட் ஆக்சைடு பெட்டியை கேஸ் கவுத்துச்சு. ரெண்டு இடத்துலயும் பியூயல் செல் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது. பெம் ஜெயிச்சுதா செராமிக் ஜெயிச்சுதான்னு மட்டும் பார்க்கிறவங்க இதைத்தான் விட்டுடுறாங்க.

கூட்டு ஆராய்ச்சியால வெளியில தெரியாம நடந்த நல்லதையும் சொல்லிடுறேன். முன்னாடி ஒவ்வொரு லேபும் தன் இஷ்டத்துக்கு டெஸ்ட் பண்ணி ரிசல்ட் சொல்லும், ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடவே முடியாது. நெதர்லாந்தின் பெட்டன்ல இருக்கிற யூனியனோட சொந்த ஆராய்ச்சி மையம் எல்லாரையும் உக்கார வச்சு கார் பெம் செல்லுக்கு பொதுவான டெஸ்ட் முறை எழுதி 2015ல வெளியிட்டுச்சு. அதே மாதிரி ஆட்டோஸ்டாக் கோர்னு ஒரு ப்ராஜெக்ட், உல்ம் நகரத்து ஆராய்ச்சி நிலையம் தலைமையில பிஎம்டபிள்யூ, வோல்வோ மாதிரி கம்பெனிகளும் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவா ஒரு கார் ஸ்டாக் டிசைன் பண்ணாங்க. அதுல இருந்து வந்ததை ஸ்வீடன் கம்பெனி பவர்செல் வளர்த்துச்சு, 2019ல பாஷ் அதுக்கு 5 கோடி யூரோ கொடுத்து லைசென்ஸ் வாங்கிச்சு. மூணு நாடு சேர்ந்து வரணும்ங்கிற ரூல் இல்லன்னா இது நடந்திருக்காது. சாலிட் ஆக்சைடு பக்கம் இந்த மாதிரி எல்லாரும் பகிர்ந்துக்கிற பொது ஸ்டாக் வரல, அந்த விஷயத்துல பெம் தெளிவா முன்னாடி.

ஆனா சாலிட் ஆக்சைடுக்கு பெம்மை விட லாபமா ஒரு வித்தை இருக்கு, திருப்பி ஓட்டுறது. கரண்டும் நீராவியும் கொடுத்தா ஹைட்ரஜன் கொடுக்கும். ஜெர்மனியில சால்ஸ்கிட்டர் ஸ்டீல் பிளான்ட்ல கிரின்ஹை 2.0ன்னு ஒரு ப்ராஜெக்ட், டிரெஸ்டன்ல இருக்கிற சன்ஃபயர் கம்பெனியோட 720 கிலோவாட் மெஷின், பிளான்ட்ல வீணாப் போற வெப்பத்துலேர்ந்து வர்ற நீராவியை உள்ள விட்டாங்க. நீராவிக்கு ஆகுற சக்தி அந்த வெப்பத்துல இருந்தே வந்துடுறதால ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு கரண்ட் 40 யூனிட் பக்கத்துல போதும். சாதாரண எலக்ட்ரோலைசரை விட 10 யூனிட்டுக்கு மேல மிச்சம்! அடுத்து ராட்டர்டாம்ல நெஸ்டே சுத்திகரிப்பு ஆலையில 2.6 மெகாவாட் மெஷின் வச்சாங்க.

அதனால இனிமே வர்ற கூட்டுக் காசுல பெரிய பங்கு இந்தப் பக்கம் போகணும்ங்கிறது என் கருத்து. பஸ்சுக்கு, கொலோன் மாதிரி ஹைட்ரஜன் ஏற்கனவே பக்கத்துல கிடைக்கிற ஊருக்கு மட்டும் கொடுக்கலாம், மத்த ஊருக்கு பேட்டரியே போதும். சாலிட் ஆக்சைடுல இன்னும் பாக்கி இருக்கிறது ஆயுசுதான், யூலிஷ் ஸ்டாக் பதினோரு வருஷம் ஓடினது கரண்ட் எடுக்கும்போது, நீராவியை உடைக்கும்போது செல் தேயுற விதமே வேற, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டாக்கை மாத்தணும்ங்கிறதை வச்சுத்தான் அங்க ஹைட்ரஜனோட விலையே முடிவாகும்.