ஹைஃபை சிஸ்டத்துக்கு எந்தச் சுவர் சாக்கெட்? கிருஷ்ணகிரி வீட்டில் பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஹைஃபை ஆர்வலர்கள் நாலு பேர் கூடினால் ஸ்பீக்கர், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கேபிள் என்று மணிக்கணக்கில் பேசுவோம். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பற்றி மட்டும் பேச்சே வராது. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் எதை மாட்டினாரோ அதுவே காலத்துக்கும் இருக்கும். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோடு பக்கம் எங்கள் வீட்டு ஹாலில் மூன்று வகை சாக்கெட்டுகளை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னை இறுக்கிப் பிடிக்கும் சாதாரண 16 ஆம்பியர் ஐ.எஸ்.ஐ. சாக்கெட்டும், அதற்குப் பின்னால் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் போதும். தங்க முலாம் என் காதுக்குப் புதிதாக ஒன்றையும் தரவில்லை.

என்னிடம் இருப்பது ஏ.பி. வகை இன்டக்ரேட்டட் ஆம்ப், டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் ஒரு டாக், சி.டி. பிளேயர், ரெக்கார்ட் பிளேயர். வீட்டில் கேட்கும் சத்தத்தில் எல்லாம் சேர்ந்தாலும் 200 வாட்டைத் தாண்டாது. 230 வோல்ட்டில் அது ஒரு ஆம்பியர்கூட இல்லை. அப்புறம் எதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் என்று கேட்கலாம். சராசரிக் கணக்கில் கேள்வி சரிதான். ஆனால் ஆம்புக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர் கரன்ட்டைச் சீராக இழுப்பதில்லை. ஏ.சி. அலையின் உச்சியில் மட்டும், குட்டிக் குட்டித் துடிப்புகளாக இழுக்கிறது. அந்தத் துடிப்பு சராசரியைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆன் செய்யும் கணத்தில் அதன் வளைய வடிவ டொராய்டல் டிரான்ஸ்பார்மர் இழுப்பது அதற்கும் மேலே. லூசான கான்டாக்ட்டில் பொறி பறப்பது அப்போதுதான்.

முதலில் இருந்தது, இன்று பெரும்பாலான புது வீடுகளில் மாட்டும் 6/16 கூட்டு சாக்கெட். சின்ன பிளக்கும் போகும், பெரிய பிளக்கும் போகும். பார்க்க வசதி. உள்ளே நடப்பதைக் கவனிக்க வேண்டும். 6 ஆம்பியர் பிளக்கின் பின் சுமார் 5.1 மில்லிமீட்டர் தடிமன், 16 ஆம்பியர் பின் சுமார் 7.1 மில்லிமீட்டர். இரண்டு பின்களுக்கு நடுவே உள்ள தூரமும் வேறு வேறு: 19 மில்லிமீட்டர், 25.4 மில்லிமீட்டர். இரண்டு அளவையும் ஒரே பித்தளைத் தகடு பிடிக்க வேண்டும். அதே பாயின்ட்டில் அயர்ன் பாக்ஸோ வாட்டர் ஹீட்டரோ சில காலம் ஓடினால் தகடு விரிந்துவிடும். பிறகு ஆம்பின் 6 ஆம்பியர் பிளக்கைச் செருகினால் அது தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. பிளக்கை லேசாகத் தொட்டால் ஸ்பீக்கரில் கரகர. கழற்றிப் பார்த்தபோது ஃபேஸ் பக்கத் துளை ஓரம் பழுப்பேறியிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வடிவத்திலேயே இருக்கும் குறை இது.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையும் ஐப்பசி மழையும் இந்தப் பக்கம் இடி மின்னல் இல்லாமல் வராது. வானம் இருண்டால் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. அந்த சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரலும் எர்த்தும் இணைந்தே இருக்கும். மின்னல் எழுப்பும் வோல்டேஜுக்கு சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. ஆக, ஹைஃபைக்கான சாக்கெட் வருடம் முழுக்கப் பிடுங்கிச் செருகப்படுவது. புதிதாக இருக்கும்போது எல்லா சாக்கெட்டும் நன்றாகத்தான் பிடிக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டிய பிறகு பிடிக்கிறதா என்பதுதான் சோதனை.

இரண்டாவதாக மாட்டியது தங்க முலாம் பூசிய ஷூக்கோ சாக்கெட், ஜெர்மனிக்காரர்கள் பயன்படுத்தும் வகை. பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் வீட்டில் கழற்றியதைக் கொடுத்தார். இந்த விலை உயர்ந்த சாக்கெட் மோகம் எப்படி வந்தது என்பது சுவாரசியமானது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கென்று தனித் தரத்தில் சாக்கெட் செய்கிறார்கள், முகப்பில் பச்சைப் புள்ளி இருக்கும். நோயாளியின் கருவி பிளக் நழுவி நின்றுவிடக் கூடாது என்பதால் அதன் பிடிப்புக்குக் கடுமையான சோதனை உண்டு. அந்தப் பிடிப்புக்காகத்தான் ஆடியோ ஆட்கள் அதை நாடினார்கள். பின்னால் ஃபுருடெக், ஓயாய்டே போன்ற ஜப்பானிய கம்பெனிகள் முலாம் பூசி, அதைத் தனி ஆடியோ பொருளாகவே ஆக்கிவிட்டன. அந்த அமெரிக்க வகையை இங்கே சுவரில் பதிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதன் மேலேயே 125 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், நம் வீட்டுக்கு வருவது 230. ஷூக்கோவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது 250 வோல்ட், 16 ஆம்பியர்.

ஷூக்கோவின் பிடிப்பு அருமை, அதில் குறை சொல்ல முடியாது. குழிக்குள் பிளக் உட்காரும், பக்கவாட்டில் எர்த் கிளிப் கவ்விக்கொள்ளும். ஆனால் நம் ஊர் மாடுலர் பாக்ஸில் அது உட்காராது, சுவரை வட்டமாகக் குடைய வேண்டியிருந்தது. எல்லாக் கருவிக்கும் கார்டு மாற்ற வேண்டும். இதைவிட என்னை உறுத்தியது வேறு. ஷூக்கோ பிளக்கைத் தலைகீழாகவும் செருகலாம். நம்முடைய மூன்று பின் பிளக்கில் ஃபேஸ் எப்போதும் ஒரே பக்கம்தான் வரும். அந்த உறுதி ஷூக்கோவில் கிடையாது.

சத்தம் எப்படி? ஷூக்கோவையும் புது 16 ஆம்பியர் சாக்கெட்டையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வயரில் மாட்டிவைத்திருந்தேன். நான் கண்ணை மூடிக்கொள்ள, மகன் மாற்றி மாற்றிச் செருகினான். போட்டது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். தவிலின் தொப்பி அடியும் நாகஸ்வரத்தின் உச்ச ஸ்தாயியும் ஒரு சிஸ்டத்தின் பலவீனத்தை உடனே காட்டிக்கொடுக்கும் என்பது என் நம்பிக்கை. எது எது என்று என்னால் சொல்லவே முடியவில்லை. ரோடியம் என்ற உலோகத்தின் முலாமும் சில ஆடியோ சாக்கெட்டுகளில் வரும். மின்சாரத்தைக் கடத்துவதில் அது செம்பைவிடக் குறைவு. அதன் பலம் கடினத்தன்மையும் கறுக்காமல் இருப்பதும்தான். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் முலாமுக்கு அர்த்தம் இருக்கலாம். கிருஷ்ணகிரியின் வறண்ட காற்றில் நல்ல பித்தளை பல வருடம் தாங்குகிறது.

ஷூக்கோ பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆம்புகளோடு அந்தக் கார்டு வரும். அதன் பின்னுக்கும் 19 மில்லிமீட்டர் இடைவெளிதான் என்பதால் நம் 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழைந்துவிடும், ஆம்பும் பாடும். ஆனால் பின் தடிமன் 4.8 மில்லிமீட்டர்தான், லூசாகவே நிற்கும். எர்த் இணைப்பு துளியும் இருக்காது. ஆம்புக்குப் பின்னால் இருக்கும் துளையில் செருகும் முனை பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வருவதே. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நம் மூன்று பின் பிளக்கும் உள்ள கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள். எல்லா நாட்டு பிளக்கும் போகும் என்று விற்கும் சாக்கெட்டையும் ஹைஃபை பக்கம் அண்ட விடாதீர்கள். எல்லாவற்றையும் ஏற்கும் துளை எதையும் இறுக்கிப் பிடிக்காது.

இப்போது எர்த். இந்த ஊரில் ஹைஃபை வைப்பவருக்கு முதல் தலைவலி இதுதான். கிருஷ்ணகிரி என்றாலே கிரானைட். எங்கள் மனையில் மூன்றடி தோண்டினால் பாறை. வீட்டின் பழைய எர்த் குழி பெயருக்கு இருந்தது, கோடையில் சுத்தமாகக் காய்ந்துவிடும். டாக்கின் மூடியைப் புறங்கையால் தடவினால் ஒரு நமநமப்பு. டாக், கம்ப்யூட்டர், டி.வி. மாதிரி கருவிகளின் பவர் சப்ளையில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஆளுக்கொரு குட்டி கெபாசிட்டர் இருக்கும். எர்த் உயிரோடு இருந்தால் அதில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230-ஐ இரண்டும் பாதியாகப் பங்கிட்டு, கருவியின் உடம்பில் 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். கரன்ட் மிகச் சிறியது, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் கருவிகளை இணைக்கும் ஆர்.சி.ஏ. சிக்னல் கேபிளின் வெளி உறை வழியாக அது ஆம்புக்கும் போகிறது. ரெக்கார்ட் பிளேயரின் சிக்னல் மில்லிவோல்ட் கணக்கில் இருப்பதால் அங்கே முதலில் உறுமல் கேட்கும்.

எலக்ட்ரீஷியன் தம்பி கடப்பாறையை இறக்கிப் பார்த்துவிட்டு, "பாறைங்கண்ணா, இதுக்கு மேல இறங்காது" என்றார். "தென்னை மரத்தடியில பாக்கலாமா தம்பி?" என்றேன். குளியலறைத் தண்ணீர் பாயும் இடம், மண் ஆழமாக இருந்தது. அங்கே ஒரு குழி, எதிர் மூலையில் இன்னொரு குழி. இரண்டிலும் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் களிமண் கலவை நிரப்பி, பட்டையால் இணைத்தோம். பெண்டோனைட் ஈரத்தை நீண்ட நாள் பிடித்துவைத்திருக்கும். குழிகளை ஒட்டி ஒட்டிப் போட்டால் பயன் குறைவு, குறைந்தது பைப்பின் நீளத்துக்காவது இடைவெளி வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரட்டை இலக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த வோல்டேஜ் 2 வோல்ட்டுக்குள் வந்தது. நமநமப்பு போனது. உறுமலில் பெரும்பகுதியும் போனது. சாக்கெட்டுக்குச் செலவழித்த எந்த ரூபாயும் இந்தப் பலனைத் தரவில்லை.

மல்டிமீட்டரில் இந்த வோல்டேஜ் குறைவாகக் காட்டுவதற்காக, சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாட்டு. எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஆம்பின் உடம்பு முழுவதும் ஃபேஸ் ஏறி நிற்கும். உங்கள் சாக்கெட்டைக் கழற்றும்போது அப்படி ஒரு துண்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டி.பி. பாக்ஸில், அதாவது வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரிக்கும் பெட்டியில், கசிவைக் கண்டால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்துக்கொள்ளுங்கள். பாறை மண்ணில் எர்த் முழுத் திருப்தியாக அமையாவிட்டாலும் உயிரைக் காப்பது அதுதான்.

மிச்சம் இருந்த உறுமல் எர்த் லூப். ஆம்ப் ஒரு சுவரிலும் டாக் எதிர்ச் சுவரிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள சிறு வித்தியாசம் சிக்னல் கேபிள் வழியே ஓடும். எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து, ஒரே ஜங்ஷன் பாக்ஸில் எடுத்தவுடன் அமைதியானது. அந்த ஜங்ஷன் பாக்ஸின் பிளக்கும் 16 ஆம்பியர் பெரிய பிளக்காக இருக்கட்டும், கடையில் சொன்னால் கட்டிக்கொடுப்பார்கள்.

இப்போது சுவரில் இருப்பது கூட்டு வகை இல்லாத, 16 ஆம்பியருக்கு மட்டுமான சாக்கெட். டி.பி.யிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வருகிறது. 20 மீட்டர் தூரத்துக்குப் போகவர மின்தடை சுமார் 0.3 ஓம், ஒரு ஆம்பியருக்கு இழப்பு 0.3 வோல்ட். அதனால் 4 சதுர மில்லிமீட்டருக்குப் போக அவசியமே இல்லை. ஃபிரிட்ஜும் மோட்டாரும் அந்த லைனில் இல்லை என்பதுதான் முக்கியம். பல வருடமாகப் பிடுங்கிச் செருகியும் பிளக்கை எடுக்க இன்னமும் இரண்டு கை வேண்டியிருக்கிறது. எங்கும் சூடு இல்லை, நிறம் மாறவில்லை.

மாம்பழ சீசனில், மாங்கூழ் ஆலைகளும் பம்ப்செட்டுகளும் சேர்ந்து ஓடும்போது எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும், நடுராத்திரியில் ஏறும். அதற்கு எந்த சாக்கெட்டும் மருந்தில்லை, ஸ்டெபிலைசர் தனிக் கதை.

கடைக்குப் போகும்போது உங்கள் பிளக்கையே கையில் எடுத்துப் போங்கள். செருகி, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், சாக்கெட்டின் எடையில் நழுவக் கூடாது. எர்த் மேலே இருக்க, முன்னால் நின்று பார்த்தால் ஃபேஸ் வலது பக்கம், நியூட்ரல் இடது பக்கம் வர வேண்டும், டெஸ்டரால் உடனே சோதிக்கலாம். பல இழை வயர் என்றால் முனையில் லக் (இழைகளைச் சேர்த்து அழுத்தும் உலோக முனை) போட்டுத்தான் முடுக்கச் சொல்லுங்கள். மாட்டிய சில மாதத்தில் செம்பு அமுங்கி ஸ்க்ரூ கொஞ்சம் தளரும். மெயினை அணைத்துவிட்டு ஒருமுறை முடுக்கினால் போதும், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன்.